ஒரு பீப்பாய் உயிரும் இரண்டு போத்தல் குளோரினும்

ஓஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் வெஸ்ட்லியின் கடைசி அடுக்குமாடிக்குப் பின்னால் காடு தொடங்கிவிடும். அந்தக் காட்டுப் பாதையில், முதுகில் பையுடன், ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைக் காலால் உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். மே மாதத்துப் பின்னேரம். வெயில் நன்றாகவே இருந்தது. என் கண்கள் எரிந்துகொண்டிருந்தன. சட்டையில் நீச்சல் குளமும் மாட்டுத் தொழுவமும் சேர்ந்து மணத்தன.

எதிரே காதில் பாட்டுடன் ஒரு பெண் ஓடி வந்தார். இந்த ஊரில் ஓடுகிறவர்கள் யாருக்கும் வழி விடுவதில்லை. அவர் பத்தடி தூரத்திலேயே பாதையை விட்டு இறங்கிப் பற்றைக்குள் நின்றுகொண்டார். அவருடைய மூக்கு அவருக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

பீப்பாய் இறக்கத்தில் என்னை முந்தியது. ஏற்றத்தில் திரும்பி வந்து முழங்காலில் இடித்தது.

போன வாரம் இந்தத் தொடரில் கதையை வட நோர்வேயின் ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் விட்டிருந்தேன். அதை வாசித்த ஒருவர், "கிழமைக்கு ஒரு வேலையை விட்டுப் போகிறீர்களே, துரத்துகிறார்களா, நீங்களே போகிறீர்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டும் நடந்திருக்கின்றன. ஆனால் அன்று நான் விட்டுப் போனது வேலையை அல்ல. கோடிக் கணக்கானவர்களைக் கொன்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

கலக்குவதற்கு ஒரு ஆள்

ஹம்மர்பெஸ்டிலிருந்து ஓஸ்லோவுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பை மட்டும். பகலை ஸ்டோவ்னர் கடைத்தொகுதியின் வாங்கில் கழித்தேன். இரவுக்குத் தெரிந்தவர்களின் சோபா. ஒரு சோபாவின் பொறுமை மூன்று நாள் என்பது என் அனுபவம். ஏழாவது சோபாவில் இருந்தபோதுதான் சரவணனைச் சந்தித்தேன்.

கடைத்தொகுதி வாசலில் ஒரு மனிதர் தன்னை விடப் பருமனான நீலப் பீப்பாயைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணா, தமிழா? ஒரு கை புடிக்கிறீங்களா?"

"ஓம், பிடிக்கிறன். எங்கை கொண்டு போக?"

"வெஸ்ட்லி. ஒரே ஸ்டாப்புதான்."

ஈரோட்டுக்காரர். கணினி வேலை. என்னை விடப் பத்து வயது இளையவர். வீடு போய்ச் சேர்வதற்குள் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டார்.

ஸ்டோவ்னர் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தோட்டம் செய்யச் சின்னச் சின்னத் துண்டாக நிலம் கொடுக்கிறார்கள். பார்செல் என்பார்கள். ஒரு துண்டு கிடைக்க வருடக் கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். சரவணன் ஏழு வருடம் நின்று வாங்கினார். முதல் கோடையில் கத்தரி வைத்தார், வெண்டி வைத்தார், கீரை விதைத்தார். ஒன்றும் எழும்பவில்லை. மண் செங்கல் மாதிரிக் கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் கண்ட மருந்தையும் கொட்டி மண்ணைச் சாகடித்திருந்தார். முளைத்த நாலு இலையையும் ஓடில்லாத நத்தைகள் தின்றுவிட்டன.

இப்போது தோட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த யூன் மாத முடிவுக்குள் துண்டு பச்சையாக இல்லாவிட்டால், அது வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

"ஏழு வருஷம் அண்ணா," என்றார் சரவணன். "என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு நாள் காத்திருக்கல."

அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் ஜீவாமிர்தம். பசுஞ்சாணம், கோமியம், வெல்லம், கடலை மா, ஒரு பிடி நல்ல மண். தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகும். அதை நிலத்துக்கு ஊற்ற வேண்டும்.

"மண்ணுக்கு உரம் போடறது பெருசில்ல அண்ணா. மண்ணுக்கு ஆள் போடணும்."

"எந்த ஆள்?"

"கண்ணுக்குத் தெரியாத ஆள். அவங்க உள்ள எறங்கி வேலை செஞ்சாதான் வேருக்குச் சாப்பாடு கிடைக்கும்."

பீப்பாயை நாளுக்கு இரண்டு முறை, வலப்பக்கமாக, கலக்க வேண்டும். அவருக்கோ காலையிலிருந்து மாலை வரை கூட்டம். மனைவி மைதிலி வேலைப் பயிற்சி ஒன்றுக்காகத் துரொண்ட்ஹைம் போயிருந்தார். வீட்டில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. கலக்குகிறவருக்கு அந்த அறை. நான் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். தடியால் தண்ணீரைக் கலக்கி ஒரு கட்டில் கிடைத்தது அதுவே முதல் தடவை.

டாக்ரோஸின் பெரிய மனசு

சரவணனிடம் கார் இருந்தது. அதை ஓட்டும் உரிமம் மைதிலியிடம்தான் இருந்தது. இவர் நோர்வே ஓட்டுநர் பரீட்சையில் இரண்டு முறை தவறியவர். எனவே காட்டுக்கு அப்பால் இருந்த பண்ணைக்குப் பஸ்ஸில் போனோம்.

பண்ணைக்காரி இங்கர். அறுபது வயது இருக்கும். சாணம் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளுங்கள் என்றார். சிறுநீர் என்றதும் கொஞ்சம் யோசித்தார். வடிகாலில் இருப்பது கலப்படம், நேரே பசுவிடமிருந்து வேண்டும் என்பது சரவணனின் பிடிவாதம்.

அதற்கு முன் அவர் ஈரோட்டில் இருக்கும் தன் அப்பாவிடம் காணொளி அழைப்பில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஜீவாமிர்தத்துக்குத் திமிலுள்ள நாட்டு மாடுதான் விதி.

"திமில் இல்லப்பா," என்று பசுவைச் சுற்றிக் காட்டினார்.

"கொம்பாவது இருக்குதா?"

"தீச்சுட்டாங்கப்பா."

"என்னடா மாடு அது? சரி, நாலு காலு இருக்குதுல்ல? புடி."

பசுவின் பெயர் டாக்ரோஸ். அதன் பின்னால் நாங்கள் இருவரும் வாளியுடன் முக்கால் மணித்தியாலம் நின்றோம். டாக்ரோஸ் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கடைசியில் சரவணன் குனிந்து, கைக்குழந்தையைக் காலில் இருத்தி நம் தாய்மார் செய்வது போல, "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்று இழுக்கத் தொடங்கினார். தனியாக விட மனமில்லாமல் நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு வளர்ந்த ஆண்கள், ஒரு நோர்வேப் பசுவின் பின்னால், ஒரே சுருதியில்.

டாக்ரோஸ் வாலைத் தூக்கியது.

வாசலில் நின்ற இங்கர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "நாற்பது வருடமாக மாடு வளர்க்கிறேன்," என்றார். வாளிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

கோமியம் பழரசக் கான் ஒன்றில் போனது. சாணத்தைக் கொண்டுவர எங்களிடம் இருந்தது பத்துக் கிலோத் தயிர் வாளி. நம் வீடுகளில் இந்த வாளி எதற்கெல்லாம் பயன்படும் என்று உங்களுக்குத் தெரியும். குரூருட் வரை பஸ், அங்கிருந்து ஐந்தாம் இலக்க டி-பானே ரயில். எங்களுக்கு எதிரே நம் ஊர் அக்கா ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, உந்தத் தயிர் எங்கை வாங்கினனீங்கள்? எங்கடை கடையிலை முடிஞ்சு போச்செண்டாங்கள்."

"இது கடையிலை வாங்கினதில்லை அக்கா."

அவர் குனிந்து வாளியைத் தொட்டுப் பார்த்தார். "இதென்ன, சூடாக் கிடக்கு?"

"இப்பதான் ஆனது."

"அட, பண்ணைப் பாலே?"

"பால் வாற இடத்துக்குக் கொஞ்சம் பின்னாலை," என்றேன்.

சரவணன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் வெஸ்ட்லி வரைக்கும் குலுங்கின.

ஓஸ்லோ என்ற பெயர் வாங்கியவர்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கிருமி என்றால் காய்ச்சல், வயிற்றோட்டம், அவ்வளவுதான் தெரியும். பின்னேரங்களில் நான் கலக்க, சரவணன் பக்கத்தில் நின்று பாடம் நடத்துவார்.

ஒரு பாக்டீரியாவை இலையில் தெளித்துவிட்டால், தின்ற புழுவுக்கு வயிறு கெட்டுப் பசியே எடுக்காதாம். பட்டினியில் போய்விடுமாம். நமக்கு ஒன்றும் செய்யாதாம். ஹம்மர்பெஸ்ட் கன்ரீனில் மீன் சூப் குடித்த பிறகு எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றேன்.

"நத்தைக்கும் ஒரு ஆள் இருக்கார் அண்ணா. கண்ணுக்கே தெரியாத ஒரு புழு நத்தைக்குள்ள போகும். அதோட சேர்ந்து ஒரு பாக்டீரியாவும் போகும். நத்தை அவுட். அந்த பாக்டீரியா பேர்ல என்ன ஊர் இருக்கு தெரியுமா? ஓஸ்லோ! மொதல்ல இங்கதான் கண்டுபிடிச்சாங்களாம்."

"உண்மையாவோ?"

"காயாத துண்டுல ஒரு நாத்தம் வரும்ல? அதுவும் இவர் கைங்கரியம்தான்."

நான் கலக்குவதை நிறுத்திவிட்டேன். இந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்காக நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் அந்தப் பீப்பாய் உயரம் வரும். இவரோ ஈரத் துண்டில் இருந்து நாறியபடியே நகரத்தின் பெயரை வாங்கிவிட்டார்.

சூடான தரை

பீப்பாய் முதலில் பல்கனியில்தான் இருந்தது. ஈரோட்டில் இரண்டு நாளில் நுரைக்கும் சாமான், வெஸ்ட்லிக் குளிரில் செத்த குளம் மாதிரிக் கிடந்தது. அப்பா காணொளியில் பார்த்துவிட்டு, "ஒரு கொப்புளம்கூட இல்லியேடா," என்றார்.

சரவணன் வீடு முழுக்கச் சுற்றினார். குளியலறைக்குள் வெறுங்காலுடன் போனவர் அப்படியே நின்றார். இங்கே குளியலறைத் தரைக்கு அடியில் சூடு ஓடும்.

"அண்ணா," என்றார். "ஈரோடு இங்கதான் இருக்கு."

பீப்பாயைக் குளியலறைக்குள் மாற்றினோம். மறுநாளே நுரை. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் 'பொளக், பொளக்' என்று மூச்சு விட்டது. மேலே வெள்ளையாக ஒரு ஆடை. மணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இதைச் சாப்பிட்டுக்கொண்டே வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கைக்கு ஏறிய படிப்பு

மறுநாள் காலை சரவணனிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணா, மைதிலி இன்னைக்கு வர்றா. பாத்ரூமைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்க."

இங்கே ஹம்மர்பெஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு வருடம் அங்கே நான் மீன் வெட்டவில்லை, கழுவினேன். மேசை, கத்தி, மீன் ஓடும் பட்டி, தரை. கழுவி முடிந்ததும் மேற்பார்வையாளர் ஒரு பஞ்சுக் குச்சியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து ஒரு கருவிக்குள் வைப்பார். சிவப்புக் காட்டினால் முழுப் பகுதியையும் மறுபடியும் கழுவ வேண்டும். என் பகுதி கடைசி மூன்று வருடம் சிவப்புக் காட்டவில்லை. எனக்குத் தலைக்கு ஏறாத படிப்பெல்லாம் கைக்கு ஏறியிருந்தது.

அந்தக் கை குளியலறையைக் கழுவத் தொடங்கியது. கண்ணாடி, தொட்டி, தரை, சுவர். பிறகு பீப்பாயின் வெளிப்புறம். அது பளபளத்ததும் மூடியைத் திறந்தேன். வெளியே அப்படி, உள்ளே இப்படி என்று விட மனம் வரவில்லை.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று சரவணன் இன்றைக்கும் சொல்வார். அது பிழை. நன்றாக யோசித்தேன். மணம் போனால் மைதிலிக்கு நல்லது. கிருமி செத்தாலும் சத்து தண்ணீருக்குள்தானே இருக்கும். கோழி சூப்பில் கோழி உயிரோடா இருக்கிறது?

குளியலறைத் தட்டில் இருந்த குளோரின் திரவத்தை ஊற்றினேன். தடியை எடுத்து, சொன்னபடி வலப்பக்கமாகக் கலக்கினேன்.

கோமியத்தில் குளோரின் விழுந்தால் என்ன புகை எழும்பும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தயவு செய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம். கண், மூக்கு, தொண்டை மூன்றும் ஒன்றாக மூடிக்கொண்டன. இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கதவு திறந்தது. பயணப் பெட்டியுடன் மைதிலி.

"நீங்கதானா தவம் அண்ணா? ஐயோ, என்ன ஆச்சு?"

"ஜீவாமிர்தம்... குளோரின்..."

அவர் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர். ஒரு நொடிதான் எடுத்தது. "கோமியத்துலயா குளோரின் ஊத்துனீங்க? வெளிய வாங்க மொதல்ல!" மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறந்தார். என்னைப் பல்கனிக்குத் தள்ளி, கண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் மூச்சு விடத் தொடங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

"அது சரி, என் பாத்ரூம்ல கோமியம் எதுக்கு?"

"அதைத் தம்பி வந்து சொல்லுவார்," என்றேன்.

தம்பி வந்தார். குளியலறை வாசலில் செத்தவீட்டுக்கு வந்தவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நுரை இல்லை, ஆடை இல்லை, மூச்சு இல்லை.

"ஒண்ணுகூட மிஞ்சலயா அண்ணா?"

"ரெண்டு போத்தல் ஊத்தினனான் தம்பி."

"ரெண்டா?"

"முதல் போத்தல் அரைவாசிதான் இருந்தது."

"ஜூன் முடிய எத்தனை நாள் இருக்கு," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "போச்சு. ஏழு வருஷம் போச்சு."

"அங்க செத்தது பாக்டீரியா," என்றார் மைதிலி பின்னாலிருந்து. "இந்த வீட்டுல அடுத்து யாருன்னு கேளு."

பிறகு மைதிலி சொன்னபடி அந்தத் தண்ணீரை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து வெளியேற்றினோம். பிறகு அவர்கள் இருவரும் பேச வேண்டியதைப் பேசத் தொடங்கினார்கள். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மாதிரி நேரத்தில் மூன்றாவது ஆள் சப்பாத்தை மாட்டிவிட வேண்டும். பையை எடுத்தேன். காலிப் பீப்பாயையும் எடுத்தேன். லிப்ட் வரைக்கும் சரவணன் ஓடி வந்தார்.

"எங்க போறீங்க?"

"நான் கொன்ற ஆக்களை நான்தானே திருப்பிக் குடுக்க வேணும்? நிரப்பிக்கொண்டு வாறன்."

இங்கரின் கணக்கு வேறு

ஒன்றரை மணித்தியாலம் உருட்டினேன். அந்தப் பீப்பாயுடன் என்னை எந்த பஸ்காரரும் ஏற்றியிருக்க மாட்டார்.

இங்கர் பால் கறந்து முடித்திருந்தார். என்னைச் சுற்றி மோந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். தொழுவச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 'முதல் போத்தல் அரைவாசி' என்ற இடத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"நீ கொல்வதில் கெட்டிக்காரனா?"

"எட்டு வருட அனுபவம்."

அவருடைய பால் தாங்கியில் கிருமி கூடுதலாக இருக்கிறது என்று இரண்டு முறை எச்சரிக்கை வந்திருந்ததாம். மூன்றாவது முறை வந்தால் பால் வண்டி வாசலோடு திரும்பிவிடும். உதவிக்கு இருந்தவர் நாரி பிடித்து, இடுப்பை அசைக்க முடியாமல் படுத்திருந்தார். இவருக்கோ கண் பார்வை குறைவு. எவ்வளவு கழுவியும் எங்கே பிழை என்று தெரியவில்லை.

"உனக்குக் கிருமி உயிரோடு வேண்டும். எனக்கு அது செத்துப் போக வேண்டும்," என்றார். "காலை ஐந்தரைக்குப் பால் அறைக்கு வா. சாணம் எவ்வளவு வேண்டுமானாலும் உன்னுடையது."

அத்தோடு என்னை உரக் குவியலுக்குக் கூட்டிப்போனார். வைக்கோலும் பழைய சாணமும் உக்கிக் கறுத்துக் கிடந்தன. கையை உள்ளே விடச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது.

"பீப்பாய்த் தண்ணீர் மட்டும் போதாது. வெறும் களிமண்ணில் கொண்டுபோய் விட்டால் அவை எதைத் தின்னும், எங்கே இருக்கும்? இதையும் கொட்டு."

அது எனக்கு உடனே விளங்கியது. சாப்பாடும் படுக்கையும் இல்லாத இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வேலை செய் என்றால், யார்தான் செய்வார்கள்?

முடிவு தெரியாமல் மேலே வாசிக்காதவர்களுக்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் மைதிலி காரை ஓட்டி வந்தார். பின் பெட்டியில் பிளாஸ்டிக் விரித்து, மூக்கில் துணி கட்டி, பதினாறு மூட்டை உக்கிய உரம் ஏற்றினார். பீப்பாய் இங்கரின் தொழுவத்திலேயே நுரைத்தது. யூன் கடைசியில் சங்கத்து அம்மையார் வந்து பார்த்தபோது கத்தரி இல்லை, வெண்டியும் இல்லை. முள்ளங்கியும் கீரையும் உருளைக்கிழங்கும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. அவர் ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி, காற்சட்டையில் துடைத்து, கடித்தார். தாளில் சரி போட்டார். நிலம் சரவணனிடமே நின்றது.

பீப்பாயை உருட்டி வந்த அந்த முதல் இரவு, இங்கர் காட்டிய, உழவு இயந்திரக் கொட்டகைக்கு மேலிருந்த அறையில் படுத்தேன். சரவணனிடமிருந்து அழைப்பு வந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணா, சாப்ட்டீங்களா?"

ஐந்தரை மணி

பால் அறை கண்ணாடி மாதிரி இருந்தது. இங்கர் குறைவாகக் கழுவுகிறவர் இல்லை. நான் குழாய்ப் பொருத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனேன். நாலாவது பொருத்தில், றப்பர் வளையத்துக்குப் பின்னால், விரலில் வழுக்கியது. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "கழுவியிருக்கிறீர்கள். கழற்றிக் கழுவவில்லை."

அவர் அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். முகம் சுளித்தார். நாரி பிடித்தவருடைய ஏப்ரனை ஆணியிலிருந்து எடுத்து என் தோளில் போட்டார். பிறகு இரண்டு சோடிச் சப்பாத்தைக் கொண்டுவந்து பால் அறைக்கும் தொழுவத்துக்கும் நடுவில் இருந்த கதவடியில் வைத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

"இந்தப் பக்கம் ஒன்றும் உயிரோடு இருக்கக் கூடாது," என்றார். கதவைத் திறந்து சாணக் குவியலைக் காட்டினார். "அந்தப் பக்கம் ஒன்றும் சாகக் கூடாது. மறந்து சப்பாத்தை மாற்றாமல் போனால், இரண்டு பக்கமும் நாசம்."

வெள்ளைச் சப்பாத்தை மாட்டி வளையங்களைக் கொதிநீரில் போட்டேன். அதைக் கழற்றி, கறுப்பை மாட்டி, சாணம் அள்ளப் போனேன். மத்தியானத்துக்குள் அந்தக் கதவடியில் பதினொரு தடவை கட்சி மாறியிருந்தேன்.